சிகரெட் பெட்டிக்குள் ஒரு மொழி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

"முதுகலையில் பழைய மொழிகளைப் படிக்க விரும்புகிறேன்" என்று இவ்வாண்டுத் தொடக்கத்தில் ஒருநாள் வகுப்பறையில் சொல்லிவிட்டேன். தோழியர் சிரித்தனர். கணக்குப் படித்தவள் கல்வெட்டுப் பக்கம் போவதாவது என்பது அவர்கள் எண்ணம். எங்கள் பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் படிப்பிலே நாள் முழுவதும் உட்கார்ந்து என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொண்டு சொல்கிறாயா அம்மா? இல்லை, பெயர் நன்றாயிருக்கிறதே என்று சொல்கிறாயா?" என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. பாழடைந்த அரண்மனை, மண்ணுக்கடியில் ஒரு பலகை, அதைக் கையில் எடுத்தவுடன் கடகடவென்று படித்துக் காட்டும் அறிஞர் என்று திரைப்படக் காட்சி போன்ற ஒன்றுதான் அன்று என் மனத்தில் இருந்தது.

அவ்வினாவைச் சுமந்துகொண்டு நூலகத்துக்குப் போனேன். ஜான் சாட்விக் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் 1958ஆம் ஆண்டில் எழுதிய சிறு நூல் ஒன்று கிடைத்தது. 'லீனியர் பி' என்று பெயரிடப்பட்ட எழுத்து எவ்வாறு படித்தறியப்பட்டது என்பதைக் கூறும் நூல் அது. அதில் சில பக்கங்களில் மட்டுமே வந்து மறைகிறார் ஆலிஸ் கோபர் என்னும் அம்மையார். நூலை மூடிய பிறகு என் மனத்தில் நின்றவர் அவரே. அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். பேராசிரியர் கேட்ட வினாவுக்கு விடை அங்கே இருந்தது.

தீயினால் பிழைத்த பலகைகள்

மத்தியதரைக் கடலில் உள்ள கிரீட் தீவில், நாசஸ் என்னுமிடத்தில் 1900ஆம் ஆண்டில் ஆர்தர் எவான்ஸ் என்ற ஆங்கிலேயர் அகழ்வாய்வைத் தொடங்கினார். பெரியதோர் அரண்மனை வெளிப்பட்டது. அதோடு களிமண் பலகைகளும் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. அவற்றைச் சுட்டு வைத்தவர் எவருமிலர். ஈரக் களிமண்ணில் கூரிய கோலால் எழுதி, உலரவைத்து, தேவை தீர்ந்ததும் கரைத்துவிடுவதே அக்கால வழக்கம். ஆனால் அரண்மனை தீப்பற்றி எரிந்தபோது பலகைகள் செங்கற்களைப்போல் வெந்து இறுகிவிட்டன. மாளிகையை அழித்த தீதான் அதன் கணக்குகளைக் காத்தது!

பலகைகளில் இருவகை எழுத்துகள் இருப்பதை எவான்ஸ் கண்டார். பழையதை 'லீனியர் ஏ' என்றும், பிந்தியதை 'லீனியர் பி' என்றும் அழைத்தார். இரண்டையும் எவராலும் படிக்க இயலவில்லை. எகிப்திய எழுத்தைப் படிக்க ரொசெட்டாக் கல் உதவியது. ஒரே செய்தி அதில் தெரிந்த மொழியிலும் தெரியாத எழுத்திலும் இருந்தது. இங்கே அப்படி எதுவும் கிடைக்கவில்லை. எழுத்தின் ஒலியும் தெரியாது. மொழி எதுவென்றும் தெரியாது. இரண்டு மாறிகள் இருக்கின்றன, ஒரு சமன்பாடுகூட இல்லை என்று கணித மாணவர்களுக்குச் சொன்னால் நிலைமை விளங்கும்.

எவான்ஸ் அவர்களோ தாமே படித்து முடிக்கவேண்டும் என்னும் ஆசையில் பலகைகளுள் மிகச் சிலவற்றையே அச்சிட்டார். 1941இல் அவர் காலமானபோது பெரும்பகுதி வெளியாகாமலே கிடந்தது. நாற்பது ஆண்டுகள்! அறிவுச் செல்வத்தைப் பூட்டி வைப்பது குறித்து எனக்குள்ள வருத்தத்தை இங்கே நீட்டவில்லை.

கட்டணமில்லாக் கல்லூரியில் படித்தவர்

ஆலிஸ் கோபர் 1906ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் பிறந்தவர். பெற்றோர் ஹங்கேரி நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிக் குடிபெயர்ந்தவர்கள். தந்தையார் மெத்தை நாற்காலிகளுக்கு உறை தைக்கும் தொழிலாளி. மகள் படித்தது ஹண்டர் கல்லூரி. நகர நிர்வாகம் பெண்களுக்காகக் கட்டணமின்றி நடத்திய கல்லூரி அது. நம் கல்லூரியைப் போன்றதுதான் என்று எண்ணிக்கொண்டபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவள் நான் ஒருத்தியே.

1928இல் பட்டம் பெற்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1929இல் முதுகலையும், 1932இல் முனைவர் பட்டமும் பெற்றார். கிரேக்கக் கவிஞர்கள் நிறச் சொற்களை எவ்வாறு ஆண்டனர் என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். 1930 முதல் இறுதிவரை புரூக்ளின் கல்லூரியில் ஆசிரியப் பணி. பகலில் வகுப்புகள், இரவில் உணவு மேசையின்மேல் லீனியர் பி.

அந்த எழுத்துக்காக அவர் செய்துகொண்ட ஆயத்தம் வியப்பூட்டுவது. ஹிட்டைட், அக்கேடியன், சுமேரியன், பழம் பாரசீகம், பழம் ஐரிஷ், பாஸ்க், சீனம் என்று மொழி மேல் மொழியாகக் கற்றார். வடமொழியில் உயர்நிலைப் பாடம் கேட்பதற்காக வாரந்தோறும் புரூக்ளினிலிருந்து யேல் பல்கலைக்கழகத்துக்கு ரயிலில் சென்று வந்தார். இவற்றுள் ஏதேனும் ஒன்று பலகை மொழியாக இருக்கும் என்று நம்பியதால் அன்று. மொழிகள் எத்தனை விதமாகச் சொல்லை ஆக்குகின்றன, எத்தனை விதமாக மாற்றுகின்றன என்று பார்த்து வைத்துக்கொள்ளவே கற்றார். இங்கே நம் அறிவியல் மாணவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவர் வேதியியலும் இயற்பியலும் வானியலும்கூடப் பாடமாகப் படித்தார். சான்றை எடைபோடும் முறையை அறிய அவை. எண்ணிக்கைகளைக் கையாளக் கணிதம். 'கணக்குப் படித்தவள் கல்வெட்டுப் பக்கம் போவதாவது' என்று சிரித்த தோழியர் இப்பத்தியை இருமுறை படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவர் வேலை செய்த முறை இது. ஒவ்வோர் எழுத்தும் எந்தெந்தச் சொல்லில் வருகிறது, முதலிலா, இடையிலா, கடையிலா, அதற்கு முன்னே எது, பின்னே எது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. போர்க்காலமாதலால் காகிதத் தட்டுப்பாடு. எனவே வாழ்த்து அட்டைகளின் பின்புறம், தேர்வுத் தாள்களின் மேலுறை, தேவாலயச் சுற்றறிக்கை, நூலகத்தில் புத்தகம் கொடுக்கும் சீட்டு எனக் கிடைத்ததையெல்லாம் 2 அங்குலத்துக்கு 3 அங்குலமாகக் கையால் வெட்டினார். இன்ன இடத்தில் இன்ன எழுத்து என்று குறிக்கும் துளைகளையும் இட்டார். ஓர் அட்டைமேல் இன்னோர் அட்டையை வைத்தால் இரண்டுக்கும் பொதுவான துளை கண்ணில் படும். அட்டைகளை அடுக்கி வைக்க அவரிடம் தட்டுப்பாடில்லாமல் இருந்தவை காலி சிகரெட் பெட்டிகள். அம்மையார் ஓயாது புகைப்பவர். இவ்வாறு சேர்ந்தவை ஏறத்தாழ 1,80,000 அட்டைகள். அப்பெட்டிகள் இன்று அமெரிக்காவில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இதற்கிடையே பார்வையற்ற மாணவர்களுக்காகப் பிரெயில் எழுத்தைக் கற்று, பாடங்களையும் தேர்வு வினாக்களையும் தம் கையாலேயே அவ்வெழுத்தில் ஆக்கிக் கொடுத்தார். எழுத்து என்பது வடிவத்திலோ மையிலோ இல்லை, ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாட்டில் இருக்கிறது என்பதை இவரைவிட நன்கறிந்தவர் யார்?

முதல் வகுப்புச் சுவரில் தொங்கும் அட்டவணை

இனி அவர் கண்டது என்ன என்று பார்ப்போம். இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலேய மாணவனைவிட நமக்கு எளிது. ஏனெனில் நாம் உயிர்மெய் எழுத்தைப் படித்து வளர்ந்தவர்கள்.

லீனியர் பியில் ஏறத்தாழ 90 எழுத்துகள் இருக்கின்றன. தனி ஒலிகளுக்கு மட்டும் எழுத்து என்றால் இருபது முப்பது போதும். சொல்லுக்கு ஓர் எழுத்து என்றால் சீனத்தைப்போல் ஆயிரக்கணக்கில் வேண்டும். 90 என்பது இடைப்பட்ட எண். ஆகவே ஓர் எழுத்து ஓர் அசையைக் குறிக்கிறது: க, கி, கு, லை, லோ என்பதுபோல. இவ்வளவும் எண்ணிப் பார்த்தே அறியக்கூடியது.

ஆனால் நம் எழுத்தில் ஒரு வசதி உண்டு. 'லை', 'லோ' இரண்டிலும் 'ல' என்னும் வடிவம் கண்ணுக்குத் தெரிகிறது. லீனியர் பியில் அப்படியில்லை. 'லை'க்கு ஒரு படம், 'லோ'வுக்கு அதனோடு எவ்வுறவும் இல்லாத வேறொரு படம். இந்நிலையில் எவை ஒரே மெய்யைச் சேர்ந்தவை, எவை ஒரே உயிரைச் சேர்ந்தவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தமிழையே எடுத்துக்கொள்வோம். தமிழ் அறியாத ஒருவர் கையில், அசைக்கு ஒரு படமாக எழுதிய தமிழ்ப் பலகை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'கடலை' என்பது மீன், குடம், விளக்கு என்று எழுதப்பட்டிருக்கிறது. 'கடலோடு' என்பது மீன், குடம், ஏணி, கொக்கு. அவருக்கு ஒலி ஒன்றும் தெரியாது. ஆயினும் முதல் இரண்டும் மாறாமல் மூன்றாவதில் மாற்றம் தொடங்குவதைக் காண்பார். இது ஒரே சொல்லின் இரு வேற்றுமை வடிவங்கள் என்பது உறுதியானால், சொல்லின் அடிப்பகுதி ஒரு மெய்யில் முடிகிறது. அந்த மெய்யோடு வெவ்வேறு உயிர்கள் சேர்ந்து விளக்காகவும் ஏணியாகவும் ஆகியிருக்கின்றன. ஆகவே விளக்கும் ஏணியும் ஒரே மெய்.

அடுத்து 'மகனை', 'மகனோடு' வருகின்றன. இங்கே மூன்றாவது இடத்தில் தேர், வில் என்ற படங்கள். வில்லுக்குப் பின்னும் அதே கொக்கு. எனவே இவையும் அதே இரு வேற்றுமைகள். ஆகவே விளக்கும் தேரும் ஒரே உயிர். ஏணியும் வில்லும் ஒரே உயிர். எழுதிப் பார்த்தால்:

மெய் 1: விளக்கு, ஏணி
மெய் 2: தேர், வில்

முதல் வரிசையின் இரண்டும் ஒரே மெய்; மேலிருந்து கீழாகப் பார்த்தால் ஒரே உயிர். இது என்ன? நாம் முதல் வகுப்பில் சுவரில் பார்த்த உயிர்மெய் அட்டவணையேதான்! மேலே அ, ஆ, இ என்னும் தலைப்பும், ஓரத்தில் க், ங், ச் என்னும் தலைப்பும் மட்டும் கிழிந்துபோயிருக்கின்றன. உள்ளே எழுத்துகள் தத்தம் இடத்தில் நிற்கின்றன. தலைப்பில் ஓரிரண்டு தெரிந்தால் போதும், மற்றவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும்.

கோபர் அம்மையார் 1945ஆம் ஆண்டு முதல் எழுதிய கட்டுரைகளில் இதையே செய்தார். மூன்று மூன்றாக மாறும் சொற்களை அட்டைகளிலிருந்து பிரித்தெடுத்து, இம்மொழி சொல்லின் ஈற்றை மாற்றும் மொழி என்று நிறுவினார். 1948இல் வெளியிட்ட கட்டுரையில் ஐந்து மெய்யும் இரண்டு உயிரும் கொண்ட ஒரு சிறு அட்டவணையைத் தந்தார். பத்தே எழுத்துகள். ஒன்றின் ஒலியையும் அவர் சொல்லவில்லை. சொல்ல மறுத்தார் என்பதே சரி. மொழி இன்னதென்று முதலில் ஊகித்துப் பிறகு எழுத்தை அதற்குள் திணித்தவர்களை அவர் சற்றும் பொறுக்கவில்லை.

திருமண அழைப்பிதழ்ச் சோதனை

படிக்கும்போது எளிதாகத் தோன்றியது. செய்து பார்த்தால்தான் தெரியும் என்று எண்ணி, தமிழ்த் துறைத் தோழி ஒருத்தியிடம் ஓர் உதவி கேட்டேன். ஒரு செய்தித்தாள் பகுதியிலிருந்து நாற்பது வரிகளை அசைக்கு ஒரு குறி என்று மாற்றி எழுதித் தரவேண்டும். திறவுகோலை எனக்குக் காட்டக்கூடாது. மெய்யெழுத்துத் தனித்து வந்தால் விட்டுவிடலாம். (லீனியர் பி எழுதியவர்களும் ஈற்று மெய்யைப் பெரும்பாலும் எழுதவில்லை.) வீட்டில் மூட்டையாகக் கிடந்த பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டி அட்டை செய்தேன். மாலை வேளைகளில் மூன்று வாரம். 640 அட்டைகள். மொழி தமிழ் என்று எனக்கு முன்பே தெரியும் என்பதால் இது நேர்மையான போட்டியன்று. ஒலியை ஊகிக்காமல் அட்டவணையை மட்டும் கட்டுவது என்று எனக்கு நானே கட்டுப்பாடு விதித்துக்கொண்டேன்.

12 எழுத்துகளை அட்டவணையில் அமர்த்திக்கொண்டு வெற்றிக் களிப்போடு தோழியிடம் போனேன். 10 சரி, 2 தவறு. எப்படித் தவறின? 'தலை', 'தடி' என்று இரு சொற்கள். முதலெழுத்து ஒன்றாயிருக்கக் கண்டு ஒரே சொல்லின் இரு வடிவம் என்று முடிவு செய்து, 'லை'யையும் 'டி'யையும் ஒரே மெய்யில் போட்டுவிட்டேன். ஒரே ஒரு சான்றை நம்பியதன் விளைவு! அதே இணை மூன்று நான்கு வெவ்வேறு நீண்ட சொற்களில் திரும்ப வந்தாலன்றி ஏற்கக்கூடாது. ஓர் எழுத்தைச் சேர்க்க நான் ஒரு மாலையில் முடிவு செய்தேன். பத்து எழுத்துகளுக்கு அம்மையார் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். அதுவும் அவரிடம் அப்போதிருந்தவை 200 பலகைகளைச் சார்ந்த எழுத்துகளே.

1947இல் அவர் ஆக்ஸ்போர்டுக்குச் சென்றார். எவான்ஸ் விட்டுச் சென்ற பலகைகளைப் பதிப்பிக்கும் பொறுப்பு முதியவரான ஜான் மையர்ஸிடம் இருந்தது. அங்கே அமர்ந்து வெளியாகாத பலகைகளைப் படியெடுத்தார். பிறகு மையர்ஸின் பதிப்பைத் திருத்திக் கொடுக்கும் வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது. தம் ஆய்வுக்குரிய காலத்தைப் பிறர் நூலுக்குக் கொடுத்தார். 1949இல் நோயுற்று, 1950 மே 16ஆம் நாள் தம் 43ஆம் வயதில் காலமானார். அந்த நூல் வெளிவந்தது 1952இல். அவர் அதைக் காணவில்லை.

அட்டவணையின் தலைப்பு

எஞ்சிய கதை பலர் அறிந்தது, சுருக்கமாகவே சொல்கிறேன். மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற ஆங்கிலேயர் 14 வயதுப் பள்ளி மாணவராக 1936இல் எவான்ஸின் உரையைக் கேட்டு இந்தப் புதிரில் விழுந்தவர். தொழிலால் கட்டடக் கலைஞர். 1950க்குப் பிறகு, கோபரின் முறையைக் கொண்டே பெரியதோர் அட்டவணையைக் கட்டினார். கிரீஸ் நாட்டின் பைலாஸ் என்னுமிடத்தில் 1939இல் கிடைத்த பலகைகளை எம்மெட் பென்னெட் என்பவர் 1951இல் பதிப்பித்திருந்ததும் அவருக்குக் கைகொடுத்தது. ஒரே எழுத்தைப் பலர் பலவிதமாக எழுதியிருந்ததைப் பிரித்து, எழுத்துப் பட்டியலை ஒழுங்கு செய்தவர் பென்னெட்.

தலைப்பை நிரப்பியது எவ்வாறு? ஓர் எழுத்து சொல்லின் தொடக்கத்திலேயே மிகுதியாக வந்தது. அது தனி உயிராக இருக்கவேண்டும். தமிழிலும் அ, இ முதலியவை சொல்லின் முதலில்தானே வருகின்றன! அதை 'அ' என்று கொண்டார். இன்னோர் எழுத்து சைப்ரஸ் தீவின் பழைய எழுத்தில் 'ந' என்பதை ஒத்திருந்தது. அட்டவணையின்படி அதே மெய்யில் வேறொரு கட்டத்தில் இருந்த எழுத்து அப்போது 'நி' ஆயிற்று. கோபர் பிரித்து வைத்த மும்மைச் சொற்கள் கிரீட் தீவின் ஊர்ப் பெயர்களாக இருந்தால்? 'அ – ? – நி – ?' என்பது நாசஸின் துறைமுகமான அம்னிஸாஸ், 'அ-மி-நி-ஸொ' ஆயிற்று. அதில் கிடைத்த 'ஸொ'வையும், அட்டவணை தந்த 'நொ'வையும் வைத்துப் பார்த்தால் இன்னொரு சொல் 'கொ-நொ-ஸொ': நாசஸ்! சொல்லின் மற்ற இரு வடிவங்கள் 'நாசஸ்காரர்', 'நாசஸ்காரி' என்பதுபோன்றவை. ஆக, வேற்றுமை என்று கோபர் எண்ணியது உண்மையில் ஊர்ப் பெயரும் அதிலிருந்து பிறந்த பெயர்களும். காரணம் சிறிது பிசகினும் அட்டவணை பிசகவில்லை.

மொழி கிரேக்கம் என்று தெரிந்தபோது வென்ட்ரிஸே திடுக்கிட்டார்; அதுவரை அது எட்ருஸ்கன் மொழிக்கு உறவானது என்று நம்பியிருந்தவர் அவர். 1952 ஜூலை 1ஆம் நாள் பி.பி.சி. வானொலியில் அறிவித்தார். அதைக் கேட்ட சாட்விக் அவரோடு சேர்ந்துகொண்டார்.

ஐயம் கொண்டவர்கள் பலர். ஐயத்தைப் பெரும்பாலும் தீர்த்தது, வென்ட்ரிஸ் கண்ணால் கண்டிராத ஒரு பலகை. பைலாஸில் 1952இல் தோண்டியெடுக்கப்பட்டு 1953இல் தூய்மை செய்யப்பட்டது அது. அகழ்வாய்வாளர் கார்ல் பிளேகன் புதிய ஒலிகளை வைத்துப் படித்தார். 'தி-ரி-பொ-தெ' என்ற சொல்; பக்கத்தில் முக்காலிப் பாத்திரத்தின் படம்; எண் 2. நாம் திரிசூலம் என்கிறோமே, அந்தத் 'திரி'தான். தொடர்ந்து நான்கு பிடி, மூன்று பிடி, பிடியில்லாதது என்று சொற்கள். பக்கத்தில் அவ்வாறே நான்கு பிடி, மூன்று பிடி, பிடியற்ற பாத்திரப் படங்கள். கிரேக்கச் சொல்லில் பிடிக்குப் பெயர் 'காது'. நம் வீட்டுப் பாத்திரங்களுக்கும் காது உண்டல்லவா?

பட்டம் பெறாதவர் கண்டுபிடித்தாரே!

வகுப்பில் இக்கதையைச் சொன்னபோது ஒரு தோழி உடனே மடக்கினாள். "வென்ட்ரிஸ் பழைய மொழிகளில் எந்தப் பட்டமும் பெறவில்லையே. அப்புறம் முதுகலை எதற்கு?" நல்ல கேள்வி. பல நாள் என்னை உறுத்தியது.

வென்ட்ரிஸுக்கு இருந்த துணிவு கோபருக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஊர்ப் பெயர்களாக இருக்கலாம் என்று ஓர் ஊகம் செய்தே தீரவேண்டியிருந்தது. அம்மையார் ஊகம் என்ற சொல்லையே வெறுத்தவர். 1950 தொடக்கத்தில் வென்ட்ரிஸ் ஒரு வினாப் பட்டியலை அறிஞர்களுக்கு அனுப்பியபோது, இது வீண் வேலை என்று கோபர் கடுமையாக மறுத்துவிட்டார். இன்னும் பத்தாண்டு வாழ்ந்திருந்தாலும் அந்தத் தாவலை அவர் தாவியிருப்பாரா என்பது எனக்கு ஐயமே.

ஆனால் இதையும் பாருங்கள். கோபருக்கு முன்னும் ஊகம் செய்தவர்கள் பலர். அவர்களில் பேரறிஞர்களும் உண்டு. ஊகம் தவறு என்பதைக் காட்டித் தடுக்கும் பொருள் எதுவும் அவர்கள் கையில் இல்லை. ஆகவே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போனார்கள். வென்ட்ரிஸ் 'ந' என்று ஓர் ஒலியை வைத்தவுடன் 'நி'யும் 'நொ'வும் எங்கே நிற்கவேண்டும் என்று அட்டவணை அவரைக் கட்டிப்போட்டது. தவறாக இருந்திருந்தால் அடுத்த சொல்லிலேயே உடைந்திருக்கும். ஊகத்தை உடைக்கக்கூடிய அந்தக் கட்டத்தைச் செய்யக் கற்பதே அந்தப் படிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. வென்ட்ரிஸ் பல்கலைக்கழகம் போகவில்லை. ஆனால் அவர் நின்ற தளம் கோபரும் பென்னெட்டும் பல்கலைக்கழகங்களில் பயின்று போட்டது. பென்னெட் முனைவர் பட்டம் பெற்றதே இப்பலகைகளைப் பற்றிய ஆய்வுக்காகத்தான், 1947இல்.

"சரி, படித்துத்தான் என்ன கிடைத்தது? காவியமா?" என்பது அடுத்த வினா. காவியம் இல்லை, கணக்குத்தான். நாசஸ் அரண்மனைக் கணக்கில் ஏறத்தாழ 1,00,000 ஆடுகள், அவற்றிலிருந்து வரவேண்டிய கம்பளி. பைலாஸில் நூற்றுக்கணக்கான பெண்கள்: நூல் நூற்போர், நெய்வோர், மாவரைப்போர், உடன் அவர்கள் பிள்ளைகள் இத்தனை ஆண், இத்தனை பெண், அவர்களுக்கு அளந்த தானியமும் அத்திப்பழமும் இவ்வளவு. சிலர் கடல் கடந்து மிலேட்டஸ், லெம்னாஸ் போன்ற இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்பது அவர்களைக் குறிக்கும் பெயரிலேயே தெரிகிறது. காவியம் பாடியிருந்தால் இவர்களைப் பாடியிருப்பார்களோ? உழவு மாடுகளின் பெயர்கள்கூட இருக்கின்றன. ஒன்றின் பெயருக்குக் கருப்பன் என்று பொருள்; இன்னொன்றுக்கு வெள்ளைக்காலன். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் ஒருவர் தம் மாட்டைக் கூப்பிட்ட பெயரைச் சிகரெட் பெட்டிக்குள் இருந்த அட்டைகள் மீட்டுக் கொடுத்திருக்கின்றன. எனக்கு இது போதும்.

லீனியர் ஏ இன்னும் படிக்கப்படவில்லை. பி எழுத்தின் ஒலிகளை வைத்து ஓரளவு வாய்விட்டுப் படிக்கலாம், மொழி எதுவென்று தெரியவில்லை, கிடைத்திருப்பவையும் குறைவு. நம் நாட்டுச் சிந்துவெளி முத்திரைகளும் அப்படியே. ஐராவதம் மகாதேவன் அவர்கள் 1977இல் வெளியிட்ட சிந்து எழுத்துத் தொகுப்பும் எண்ணி, அடுக்கி, அட்டவணையிட்டு வைத்த நூலே.

மொழியியல் முதுகலைக்கு எப்பாடத்தில் பட்டம் பெற்றவரையும் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன என்று பேராசிரியர் சொன்னார். வீட்டில் பி.எட். என்கிறார்கள். அது வேலை தரும் படிப்பு. அவர்கள் சொல்வதில் தவறில்லை. முடிவு செய்ய இன்னும் ஓராண்டு இருக்கிறது. தோழி இரண்டாவது நாற்பது வரிகளைக் கொடுத்திருக்கிறாள். இம்முறை எந்த மொழி என்றும் சொல்லமாட்டாளாம். அட்டை தீர்ந்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன். ஆவணி மாத முகூர்த்தங்களுக்கு வந்த அழைப்பிதழ்களையெல்லாம் அப்பா ஒரு கயிற்றில் கட்டி என் மேசைமேல் வைத்திருக்கிறார்.